குளோரி மைனியின் மேற்குச் சுவர்

எங்கள் கரையில் மழை மேலிருந்து பெய்யாது, பக்கத்திலிருந்து பெய்யும். வைகாசி கடைசியில் கடல் இரைய ஆரம்பித்தால், மேற்கே பார்த்த சுவர்களை மழை ஈட்டி போலக் குத்தும். அப்படிக் குத்து வாங்குகிற வீடுகளில் முதல் வீடு குளோரி மைனியுடையது. அதற்கு மேற்கே அலையைத் தடுக்கப் போட்ட பாறாங்கல் வரிசை, அதற்கப்புறம் கடல், அவ்வளவுதான்.

குளோரி மைனி என் வீட்டுக்காரர் சிலுவையின் மூத்த அக்கா. விடியும் முன்னே கரையில் நின்று மீனை ஏலத்தில் எடுப்பார். பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கருங்கல் ஊர்ச் சந்தைக்குக் கொண்டுபோவார். புருஷன் இறந்த பிறகு அந்தப் பெட்டியை வைத்துத்தான் மகன் பெனினைப் படிக்க வைத்தார், அந்த வீட்டையும் கட்டினார். ஒருவரிடமும் போய் நிற்கவில்லை. இதை நான் சொல்ல வேண்டியதில்லை, கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனாலும் சொல்லும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

போன வருடம் ஆடியில் மைனிக்கு மூச்சிழுப்பு வந்தது. நெய்யூர் ஆசுபத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டாக்டரம்மா மருந்து கொடுத்துவிட்டு, "எந்த அறையில் படுக்கிறீர்கள்?" என்று கேட்டார். மேற்கு அறை என்றோம். அந்த அறைச் சுவரில் உள்பக்கம் தரையிலிருந்து நெஞ்சு உயரம் வரை கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கும், உள்ளே போனாலே நனைந்த சாக்கின் வாடை அடிக்கும் என்பதையும் சொன்னோம். அந்த ஈரத்தில் படுத்தால் இழுப்பு திரும்பத் திரும்ப வரும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இருப்பதோ இரண்டு அறை. கிழக்கு அறையில் வலையும் ஐஸ் பெட்டியும் அடுப்பும்.

குவைத்திலிருந்து பெனின் ஓடி வந்தான். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "யம்மா, இன்னும் ஒரு மழைக்காலம் பாப்பேன். அந்தச் சொவரு இன்னொருக்க நனஞ்சா வீட்டப் பூட்டிருவேன். கருங்கல்ல வாடகைக்கு வீடு பாத்து வச்சாச்சு" என்றான்.

"கருங்கல்ல கெடந்துட்டு நான் எப்பிடிலே விடிய முன்ன கரைக்கு வர? வந்தாலும் வெளியூருக்காரி மாதிரி ஓரத்துல நிக்கணும்."

"மீன் வித்தது போதும்மா."

அவன் சொல்வது அன்பினால்தான் என்று மைனிக்குத் தெரியும். ஆனால் கரையை விட்டால் அவருக்குக் கையும் இல்லை காலும் இல்லை. எனக்கு அது தெரியும்.

சுவருக்கு ஒன்றும் செய்யாமல் இருந்தார் என்று நினைக்கக்கூடாது. மழை தாங்கும் பெயிண்ட் என்று சொல்லி விற்றதை அடித்துப் பார்த்தார். ஒரு மழைக்காலத்தில் அது தீப்பட்ட தோல் போலக் கொப்பளித்து உதிர்ந்தது. தகரம் அடித்தார், உப்புக்காற்று தின்றுவிட்டது. ஓடு பதித்தார், பின்னால் ஈரம் ஏறிப் பாதி கீழே விழுந்தது. கடைசியில் எல்லோரும் செய்வது போல ஒரு பழைய பிளெக்ஸ் பேனரை வாங்கிக் கட்டினார். யாரோ ஒரு கல்யாணத்துப் பேனர். மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மைனியின் இளைய தம்பி வியாகப்பன் விடமாட்டார்.

"எக்கா, பொண்ணும் மாப்பிளையும் எத்தன நாளா மழையில நிக்குதுவ. உள்ள கூப்பிட்டு ஒரு சாயாவாவது குடேன்."

"நீ மொதல்ல உனக்க கூரையப் பாருல. அங்க பேனருல ஒரு கட்சிக்காரன் கையக் கூப்பிக்கிட்டு நிக்கான்" என்பார் மைனி.

கார்த்திகை மாதத்தில்தான் வழி திறந்தது. மைனி மீன் விற்கிற இடத்துக்கு எதிரே ஒரு பல் ஆசுபத்திரி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் வெளிச்சுவரில் சுதன் என்ற ஒருவர் நீளநீளமான வெளிர்பச்சைப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் இறங்கி வந்து மைனியிடம் சாளை வாங்குவார். மைனி மீனைப் பொதிந்துகொண்டே கேட்டாராம்.

"தம்பி, அது என்னவாக்கும்? மரமா?"

"மரமில்லக்கா. வினைல். ஒருவக பிளாஸ்டிக்காக்கும்."

"பிளாஸ்டிக்கா? வெயில்ல பொடிஞ்சு போவாதா?"

"வாளி, கொடம் செய்யுத பிளாஸ்டிக் இல்ல இது. வெயிலுக்குன்னே செய்தது. மாலத்தீவுல கடலுக்க மேலேயே நிக்குத வீடுவளுக்கு நான் மாட்டியிருக்கேன்."

"உப்பு?"

"உப்பு திங்காது. துருவும் பிடிக்காது. பெயிண்டும் வேண்டாம், அழுக்கானா ஓஸ் வச்சுக் கழுவி விடலாம்."

"கொறையே இல்லாத சரக்கா? அப்பிடிச் சொல்லுத ஆளுகிட்ட நான் ஒண்ணும் வாங்க மாட்டேன்."

சுதன் சிரித்துவிட்டார். "கொறை உண்டுக்கா. அடுப்பு பக்கம் வரப்பிடாது, உருகும். கல்லு பட்டா பொட்டும். பொட்டுனா ஒட்ட முடியாது, அந்தப் பலகைய மாத்தத்தான் வேணும்."

"இப்பத்தான் நீ யாவாரி" என்று சொல்லி மைனி இரண்டு சாளை கூடப் போட்டார்.

ஒரு துண்டுப் பலகையைக் கேட்டு வாங்கி வந்தார். அதை மைனி படுத்திய பாடு இருக்கிறதே! மீன்பெட்டியின் உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டார். எடுத்து மொட்டைமாடி வெயிலில் காய வைத்தார். மீன் ரத்தத்தைப் பூசிக் காயவிட்டுக் கழுவினார். அரிவாளின் பின்பக்கத்தால் தட்டினார். மாசி மாதம் வரை இதே வேலை. கடைசியில் அந்தத் துண்டை என் கையில் தந்து, "ஏட்டி, மோந்து பாரு, மணம் இருக்கா?" என்றார். ஒரு மணமும் இல்லை. நிறமும் மங்கவில்லை. அன்றைக்கே பெனினுக்குப் போன் செய்தார்.

"யம்மா, வீட்டுக்குப் பிளாஸ்டிக் மாட்டினா ஆளுவ சிரிக்கும்."

"சிரிக்கட்டு. எனக்கு இழுப்பு வந்தப்போ ஆரும் வந்து மூச்சு தரல்ல."

பங்குனியில் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு சுதன் வந்தார். முதலில் வெடிப்புகளை அடைத்தார். பிறகு சுவரில் மருந்து ஏற்றிய மரச்சட்டங்களை நெடுக்காக அடித்தார். பலகை சுவரில் ஒட்டாது, அந்தச் சட்டத்தில்தான் தொங்கும். நடுவில் காற்று போகும். "நாம போடுத சட்டை உடம்போட ஒட்டியா கெடக்கு? அது மாதிரியாக்கும்" என்று மைனி எனக்கு விளக்கினார். எலி புகாமல் அடியில் ஒரு கம்பிவலை. கீழேயிருந்து மேலாக, ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததில் கவ்வும்படி மாட்டிக்கொண்டே போனார். ஆணி எல்லாம் பலகையின் மேல்விளிம்பில் இருக்கும் நீள ஓட்டைகளில், வெளியே தெரியாமல் மறைந்துவிடும். துருப்பிடிக்காத ஆணி. அதையும் கடைசி வரை இறக்கவில்லை.

"வெயில்ல பலக நீளும்க்கா, குளுந்தா சுருங்கும். நகரதுக்கு எடம் குடுக்கணும்" என்று சுதன் சொன்னபோது மைனி மட்டும்தான் பக்கத்தில் இருந்தார். தம்பிமார் கடலில்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்தது. பால் நிறத்தில் சுவர் முழுக்கப் பளபளவென்று நின்றது. கோவிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மைனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.

மறுநாள் மைனி சந்தைக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரரும் வியாகப்பனும் அக்கா வீட்டின் புதுச் சுவரைப் பார்க்க வந்தார்கள். வியாகப்பன் ஒரு பலகையைப் பிடித்து ஆட்டினார். அது லேசாக அசைந்தது.

"எண்ணே, ஆடுது!"

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். பலகையின் கீழ்விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள். அடுத்த பலகையிலும். அதற்கடுத்ததிலும்.

"மக்கா, இது முழுக்க ஓட்டையாக்கும்."

"ஆட்டமும் உண்டு, ஓட்டையும் உண்டு. அக்காவ அந்தப் பய ஏமாத்திட்டுப் போயிட்டான்!"

கடலில் பிழைக்கிற ஆண்களுக்கு ஓட்டை என்றால் சாவு, ஆட்டம் என்றாலும் சாவு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மீன்பிடி வள்ளத்தின் வெடிப்பை அடைக்க வைத்திருந்த ரெசின் பசையையும் சுத்தியலையும் எடுத்து வந்தார்கள். பலகைகளின் முகத்திலேயே வரிசையாக ஆணி அடித்து இறுக்கினார்கள். ஆணித் தலைமேல் பசை. கீழ் ஓட்டைகளில் பசை. பலகையும் பலகையும் சேரும் இடத்திலும் பசை. கீழேயிருந்து ஜன்னல் உயரம் வந்தபோது கோவில் மணி அடித்ததால் நிறுத்தினார்கள். அக்காவுக்கு நல்லது செய்த நிறைவு இரண்டு பேர் முகத்திலும் இருந்தது.

மைனி ஆட்டோவிலிருந்து இறங்கினார். சுவரைப் பார்த்தார். பெட்டியை இறக்காமல் அப்படியே நின்றார்.

"எக்கா, இனி சூறாவளி வந்தாலும் அசையாது" என்றார் வியாகப்பன்.

"பாவிப் பயலுவளே" என்று மட்டும் சொன்னார் மைனி. திட்டவில்லை. அந்தச் சத்தமில்லாத குரல்தான் எங்களைப் பயமுறுத்தியது. சுதனுக்குப் போன் செய்தார். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு மைனி போனை வைத்தபோது இருட்டிவிட்டது. "நாளைக்கு வெயிலு ஏறட்டு. தெரியும்."

பெரிய வியாழனன்று வெயில் ஏறியது, தெரிந்தது. நீள இடமில்லாத பலகைகள் வயிறு தள்ளின. ஆணிக்கும் ஆணிக்கும் நடுவில் அலை அலையாகப் பொங்கின. மத்தியானத்துக்குள் சுவரின் கீழ்ப்பாதி கடல் மாதிரியே ஆகிவிட்டது. கரையே வந்து பார்த்தது. ஒரு கிழவர், "குளோரி, சொவருக்கும் இழுப்பு வந்துட்டா?" என்றார். பாதிப்பேர் சிரித்தார்கள்.

இதில் இன்னொரு சங்கடம். பெரிய வியாழன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரை எங்கள் கரையில் ஒருவரும் சுத்தியலோ ஆணியோ கையில் எடுக்க மாட்டோம். ஆண்டவரின் கையில் ஆணி இறங்கிய நாட்கள். படகுக்கு அவசரம் என்றாலும் எடுப்பதில்லை. வியாகப்பனால் பொறுக்க முடியவில்லை. கோவில் உபதேசியாரிடம் ஓடினார்.

"அடிக்கத்தானே கூடாது? பிடுங்கலாம்லா?"

உபதேசியார் யோசித்துவிட்டு, "நல்லாத்தான் கேக்கீரு. ஆனா நீரு பிடுங்கத் தொடங்கினா நடுவுல ஒண்ணு அடிக்காம இருக்க மாட்டீரு. போய்ச் செபமாலையச் சொல்லும்" என்று அனுப்பிவிட்டார்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை கரையோரமாகப் போகும். நின்று செபிக்கும் ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு வீடு. மைனி வீட்டின் முன்னால் எப்போதும் பதினோராம் தலம், ஆண்டவரைச் சிலுவையில் அறைகிற தலம். மேசை போட்டு வெள்ளைத்துணி விரித்து மெழுகுதிரி வைக்க வேண்டியது மைனியின் பொறுப்பு. இந்த வருடம் வேண்டாம், பக்கத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன்.

"எதுக்கு? சொவரு வீங்கினா சேசு கோவிச்சுக்கிடுவாரா?" என்றார்.

பொங்கிய சுவருக்கு முன்னால் மேசை போட்டார். ஊரே வந்து அங்கே முழங்காலில் நின்றது. உபதேசியார் ஆணிகளைப் பற்றி வாசிக்க வாசிக்க, என் வீட்டுக்காரரும் வியாகப்பனும் தலையை நிமிர்த்தவில்லை. வியாகப்பன் அழுதார். பாவங்களுக்காகவா பலகைக்காகவா என்று தெரியாது. மைனி மட்டும் நிமிர்ந்து நின்று எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார். எனக்குத் தெரியும், அவர் உள்ளுக்குள் என்ன பாடுபட்டார் என்று. இந்தச் சுவர் போனால் வைகாசி மழை உள்ளே வரும். மழை வந்தால் இழுப்பு. இழுப்பு வந்தால் கருங்கல்.

சடங்கு முடிந்து கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது வியாகப்பன் மெதுவாகக் கேட்டார்.

"எக்கா, இறுக்கிக் கட்டினா தானே நிக்கும்? எனக்கு இன்னும் புரியல்ல."

மைனி கஞ்சிச் சிரட்டையைக் கீழே வைத்தார். "நங்கூரம் போட்டா கயித்த எப்பிடி விடுவ?"

"தளத்தி விடுவேன்."

"எதுக்கு?"

"அலை தூக்கும்போ வள்ளம் ஏறி எறங்கணும்லா. முறுக்கிக் கெட்டினா கயிறும் போவும், முன்னால உள்ள அணியமும் போவும்."

"சொவருக்கு வெயிலுதான்டே அலை."

வியாகப்பன் சிரட்டையைத் தள்ளி வைத்தார். "அப்போ அந்த ஓட்டை?"

"வள்ளத்துக்க உள்ள வெள்ளம் வந்தா என்ன செய்வ?"

"கோரி வெளிய ஊத்துவேன்."

"பலகைக்குப் பொறத்த வெள்ளம் வந்தா அது எங்க போவும்? நீ போய்க் கோருவியா?"

என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். சுதன் சொன்னது ஒரு வரிதான். மற்றதெல்லாம் மைனி தன் கடலிலிருந்து எடுத்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை சுதன் வந்தார். தம்பிமார் இரண்டு பேரும் கடலுக்குப் போகாமல் நின்று, அவர் சொன்னபடி ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினார்கள். மேல்பாதிக்கு ஒரு குறையும் இல்லை. கீழ்ப்பாதிப் பலகைகள் ஆணி துளைத்தும் பசை பிடித்தும் உதவாமல் போயின. பால் நிறப் பலகை அந்தச் சமயம் எங்கும் கிடைக்கவில்லை. பல் ஆசுபத்திரியில் மிஞ்சிய வெளிர்பச்சைப் பலகைகள் இருந்தன. வியாகப்பன் அவற்றை ஆட்டோவின் மேல் கட்டி, தானும் மேலே உட்கார்ந்து பிடித்துக்கொண்டு கருங்கல்லிலிருந்து வந்தார். சுதன் கற்றுத்தர, இந்தத் தடவை அவரே ஆணி அடித்தார். ஒவ்வொரு ஆணிக்கும், "எக்கா, தளந்திருக்கா பாரு" என்று கூப்பிட்டு மைனியை ஒரு வேலையும் செய்ய விடவில்லை.

மேலே பால் நிறம், கீழே பச்சை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. மைனி தூரப்போய் நின்று பார்த்துவிட்டு, "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வைகாசி கடைசியில் மழை வந்தது. ஆனி முழுக்கக் கொட்டியது. காற்று கல்வரிசையைத் தாண்டி உப்புநுரையைக் கொண்டுவந்து சுவரில் எறிந்தது. நான் தினமும் ஏதாவது சாக்குச் சொல்லி மேற்கு அறைக்குள் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். மைனி அதைக் கண்டுபிடித்துவிட்டார். "ஏட்டி, சும்மா தொட்டுத் தொட்டு அழுக்காக்காத" என்றார். கரைப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போய், தங்கள் வீட்டுக்கும் மாட்ட வேண்டும் என்று சுதனைக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் மேலே பாலும் கீழே பச்சையும்தான் வேண்டுமாம், அதுதான் அழகாம்.

ஆடியில் பெனின் விடுப்பில் வந்தான். கருங்கல் வீட்டுக்காரரிடம் மாதக் கடைசிக்குள் முடிவு சொல்வதாகப் பேசி வைத்திருந்தான். வந்தது முதல் விடாத மழை. மூன்றாம் நாள் காலை அவன் எழுந்தபோது அம்மா கரைக்குப் போயிருந்தார். நான் அவனுக்குச் சாயா கொண்டுபோனேன். அவன் மேற்கு அறையில், சட்டைகூடப் போடாமல், உள்ளங்கையைச் சுவரில் வைத்து மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டிருந்தான். மூலையில் குனிந்து முகர்ந்தான். பிறகு மழையிலேயே வெளியே போனான். நானும் குடையோடு பின்னால் போனேன். பலகைகளின்மேல் மழை வழிந்து ஓடியது. இடுக்கில் புகுந்த கொஞ்சத் தண்ணீரும் கீழ்விளிம்பு ஓட்டைகள் வழியாகச் சொட்டுச்சொட்டாக வெளியே விழுந்தது. அவன் கையை நீட்டி அந்தச் சொட்டைப் பிடித்துப் பார்த்தான்.

"மாமி, அம்மைக்கு இந்த வருசம் ஒருக்ககூட இழுப்பு வரல்லியா?"

"ஒருக்ககூட இல்ல மக்கா. மாதா சாட்சி. நீ போன்ல கேட்டப்போ சொன்னது அம்புட்டும் உள்ளதாக்கும்."

அவன் சாயாவைக் குடிக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கரைக்கு நடந்தான், பின்னாலேயே நானும். வழியிலேயே போனை எடுத்தான். கருங்கல் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடச் சொன்னது என் காதில் விழுந்தது.

கரையில் ஒரு வள்ளம் வந்திருந்தது. நல்ல அயிலை மீன். மழைக்கால மீனுக்குப் போட்டி அதிகம், மீன் எடுக்க வந்த வண்டிக்காரர்கள் சுற்றி நின்றார்கள். நடுவில் மைனி, தலையில் ஒரு பிளாஸ்டிக் உறை, முழங்கால் வரை சேறு. அவர் குரல் மழையைத் தாண்டிக் கேட்டது. ஒவ்வொரு விலைக்கும் மேலே ஒரு விலை. ஒருதடவைகூடக் குரல் உடையவில்லை, இருமல் இல்லை.

பெனின் கூட்டத்தைத் தள்ளி உள்ளே போனான். "யம்மா, அந்தக் கருங்கல் வீட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். நீ இஞ்சயே இருந்துக்கோ."

மைனி திரும்பவில்லை. அவர் கண் எதிரே நின்ற வண்டிக்காரரின் வாயில்தான் இருந்தது.

"பேசாம நில்லுல. ஏலம் போவுது" என்றார்.